அடுக்களையும் ஆடம்பரமும்

வீடு கட்டத் தீர்மானித்துவிட்ட மனிதர் ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் யோசனை கேட்கிறார். மனையின் மூலைகளைப் பற்றி வாஸ்து நிபுணரைக் கேட்கிறார். அஸ்திவாரத்தைப் பற்றி எஞ்சினீயரைக் கேட்கிறார். கடனைப் பற்றிப் பாங்குக்காரரைக் கேட்கிறார். வாசல் கேட்டுக்கு என்ன வர்ணம் பூசலாம் என்று எதிர் வீட்டுக்காரரைக்கூடக் கேட்டுவிடுகிறார். சமையலறையில் தினம் நாலைந்து மணி நேரம் நின்று தீர வேண்டிய ஆத்மாவை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்த அறைக்கு அக்கினி மூலையை ஒதுக்கியதோடு கடமை தீர்ந்துவிடுகிறது. அங்கே நிற்கப் போகிறவருடைய முழங்கை தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பார்த்த நிபுணரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை பிறந்ததற்குக் காரணம் என் அண்ணன் மகள். அவளும் அவள் புருஷனும் பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறவர்கள். பெங்களூரில் மனை வாங்கும் சக்தி இல்லாதவர்கள் எல்லோரும் செய்வதுபோல் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, ஜூஜுவாடியில் ஒரு மனை வாங்கினார்கள்.

ஜூஜுவாடி என்ற பெயரைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. லாரிக்காரர்கள் சிரிக்கமாட்டார்கள். பெங்களூரிலிருந்து சேலம் போகிற நெடுஞ்சாலையில், கர்நாடகத்து அத்திப்பள்ளியைத் தாண்டியதும் தமிழ்நாடு ஆரம்பிக்கிற இடம் இது. இங்கே இருந்த சோதனைச் சாவடியில் காத்துக் கிடந்த இரவுகளை எந்த டிரைவரும் மறக்கமாட்டார். 2017-ம் வருஷம் ஜூலை மாதம் சரக்கு சேவை வரி வந்தபோது விற்பனை வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. ஊரின் கீர்த்தி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இப்போது ஓசூர் மாநகராட்சியில் ஒரு பகுதி. சுற்றிலும் தொழிற்பேட்டை. இந்த வட்டாரத்தில் கைக்கடிகாரம் செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள். நம் சமையலறைகளில் விசில் அடிக்கும் பிரஷர் குக்கரும் செய்கிறார்கள். கடைக்குப் போனால் ஒருவர் தெலுங்கில் விலை கேட்கிறார், கடைக்காரர் கன்னடத்தில் சொல்கிறார், பக்கத்தில் நிற்கிறவர் தமிழில் பேரம் பேசுகிறார். யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் ஓசூருக்கு அருகில்தான் இருக்கிறது.

வீட்டில் மற்ற அறைகள் எப்படியாவது இருக்கட்டும், சமையலறை மட்டும் பிரமாதமாக இருக்க வேண்டும் என்று பெண்ணுக்கு ஆசை. "பாட்டி வீட்டுச் சமையலறை மாதிரி இருக்கணும், சித்தப்பா. ஆனா எல்லா வசதியும் இருக்கணும்" என்றாள். நியாயமான ஆசைதான். பழமையின் லட்சணமும் வேண்டும், புதுமையின் சௌகரியமும் வேண்டும் என்பது சமையலறையைப் பற்றி மட்டுமா, நம் வாழ்க்கையைப் பற்றியே நாமெல்லாரும் கொண்டிருக்கிற ஆசை.

உள் அலங்கார நிபுணர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். இளைஞர், மரியாதையானவர், கம்ப்யூட்டரில் வரைந்த படங்களைக் காட்டினார். படம் என்றால் படம்! தரையில் ஆத்தங்குடிக் கல். மூலையில் பர்மாத் தேக்குத் தூண் இரண்டு. சுவர் முழுதும் பலகை அடித்து, அதில் பித்தளை அண்டா, உருளி, சருவம், தவலை என்று நாற்பது பாத்திரங்கள் வரிசையாக மின்னின. உத்தரத்திலிருந்து ஓர் உறி தொங்கியது. அதில் வெண்ணெய்ச் சட்டிக்குப் பதில் ஒரு பூந்தொட்டி. நடுவில் தீவுபோல் ஒரு மேடை. அதன்மேல் கண்ணாடி மாதிரி ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு. அம்மிக்கல்லும் இருந்தது. வாசல்படி ஓரத்தில் அதைக் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு புத்தர் தலையை உட்கார்த்தி வைத்திருந்தார்.

"தாளிக்கிறது எங்கே?" என்று கேட்டேன்.

"அது பின்னால, சார். வொர்க் கிச்சன்னு தனியா குடுத்திருக்கோம்" என்று அடுத்த படத்தைத் தள்ளினார்.

ஏழடிக்கு ஆறடி. ஒரே ஒரு ஜன்னல். அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தது. காஸ் அடுப்பு, கிரைண்டர், பாத்திரம் தேய்க்கும் தொட்டி எல்லாம் அந்தக் குகைக்குள் இருந்தன. முன்னால் இருப்பது பார்ப்பதற்கு. பின்னால் இருப்பது சமைப்பதற்கு. இப்போது வசதியான வீடுகளில் இதுதான் நாகரிகம் என்றார்கள்.

பழங்காலத்துச் சமையலறையை அந்தப் படம் ஒரு விஷயத்தில் அப்படியே பின்பற்றியிருந்தது என்பதை நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அந்த விஷயம் தேக்குத் தூண் அல்ல; சமைக்கிறவளைப் பின்னால் தள்ளி மறைத்து வைத்த காரியம்தான்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாசலில் திண்ணை, அப்புறம் வளவு, அதற்கப்புறம் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரைக்கும் வீடு நீண்டுகொண்டே போகும். முதல் கட்டில் பர்மாவிலிருந்து வந்த தேக்கும் இத்தாலியிலிருந்து வந்த சலவைக்கல்லும் இருக்கும். அடுப்பு எரிவது கடைசிக் கட்டில். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ம் வருஷம் திறந்த தட்சிணசித்ராவில், அப்படிப்பட்ட வீடு ஒன்றின் பகுதிகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். போகிறவர்கள் தூணைத் தடவிப் பார்க்கிறார்கள். புகையைப் பெயர்த்துக் கொண்டுவர முடியாதல்லவா? அது இல்லாததால்தான் பழமை அத்தனை அழகாக இருக்கிறது.

என் தாயார் முப்பது வருஷம் விறகு அடுப்போடு மல்லாடியவர். ஈர விறகை ஊதுகுழலால் ஊதி ஊதி, கண் சிவந்து, இருமிக்கொண்டே எழுந்து வருவார். அந்த இருமல் எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் அடிப்பது மாதிரி. யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. 2020-ம் வருஷத்தில் மட்டும் அடுப்புப் புகையினால் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் அகால மரணம் அடைந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கைப் படித்த அன்று எனக்கு என் தாயாரின் இருமல்தான் கேட்டது. நம் நாட்டில் ஏழை வீடுகளுக்குக் காஸ் கொடுக்கும் உஜ்வலா திட்டம் 2016-ம் வருஷம் மே மாதம்தான் ஆரம்பித்தது. ஆகவே பழைய சமையலறை என்றவுடன் உருகிப் போகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிறிது தயக்கம் உண்டு. அவர்கள் உருகுவது பெரும்பாலும் சாப்பிட்ட இடத்தை நினைத்து. சமைத்த இடத்தை நினைத்து அல்ல.

அப்படியானால் பழையது எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு முழுக்க முழுக்கப் புதியதாகச் செய்துவிடலாமா? அதையும் ஒரு மகாராணி செய்து பார்த்திருக்கிறார். ஆஸ்திரியா தேசத்துப் பெண், மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்று பெயர். கட்டடக் கலை படித்தவர். 1926-ம் வருஷம் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையைத் திட்டமிட்டார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். ஒரு காரியத்துக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று கணக்குப் பார்த்து, உட்கார்ந்து காய் நறுக்க முக்காலி, மாவுக்கும் பருப்புக்கும் தனித்தனி இழுப்பறை என்று எல்லாவற்றையும் கை எட்டும் தூரத்தில் வைத்தார். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது அமைந்தது. இன்றைக்கு நம் ஊர் விளம்பரங்களில் மாடுலர் கிச்சன் என்று வருகிறதே, அதற்கெல்லாம் பாட்டி அதுதான். அந்த அம்மாள் தாம் அதற்கு முன் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார் என்பது வேடிக்கை.

அவர் நல்ல எண்ணத்தோடு செய்தார். பெண்களின் உழைப்பைக் குறைக்க விரும்பினார். குறைக்கவும் செய்தார். ஆனால் அந்த அறையில் ஒருவர்தான் நிற்கலாம். இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் வெளியே போக வேண்டும். நம் பழைய அடுக்களைகளில் புகை இருந்தது, இருட்டு இருந்தது. ஆனால் ஒருத்தி அரைக்க, ஒருத்தி ஆய, ஒருத்தி சும்மா கதை பேச இடமும் இருந்தது. புதிய அறை புகையை வெளியேற்றியபோது அந்தப் பேச்சும் கூடவே போய்விட்டது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்கிற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. பித்தளைப் பாத்திரத்தைச் சுவரில் மாட்டுவதனால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது.

நான் என் அண்ணன் மகளிடம் ஒரே ஒரு காரியம் செய்யச் சொன்னேன். அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் சமையலுக்கு வருகிற அம்மாளிடம் இந்தப் படங்களைக் காட்டச் சொன்னேன். பக்கத்துக் கிராமத்துக்காரர், வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். ஐம்பது வயதிருக்கும். நாலடி பத்து அங்குலத்துக்கு மேல் உயரம் இல்லை. முன்சமையலறைப் படத்தை வெகு நேரம் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்குதும்மா. இத்தனை பித்தளையும் யாரும்மா தேய்க்கறது?" என்றார்.

பெண் சிரித்தாள். அம்மாள் சிரிக்கவில்லை. அப்புறம் பின்னறைப் படத்தைக் காட்டினார்கள். "இங்கதான் நானா?" என்று மட்டும் கேட்டார். அதற்குள் யாரும் எதுவும் சொல்வதற்கில்லாமல் போயிற்று.

அன்று மாலை ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சமையல் மேடை, நிற்கிறவருடைய முழங்கைக்கு நாலிலிருந்து ஆறு அங்குலம் கீழே இருந்தால் தோளும் முதுகும் வலிக்காது. நிபுணர் கொடுத்திருந்தது முப்பத்தாறு அங்குலம். ஐந்தடி ஐந்து அங்குலம் உயரமுள்ள எங்கள் பெண்ணுக்கு அது கச்சிதமான அளவு. அவள் அங்கே செய்யப் போவது காலையில் ஒரு டம்ளர் காப்பி. அந்த அம்மாளுக்கோ முழங்கையே முப்பத்தாறு அங்குலத்தில் இருந்தது. அந்த மேடையில் அவர் தோளைத் தூக்கிக்கொண்டு தினம் நாலு மணி நேரம் நறுக்க வேண்டும், கிளற வேண்டும்.

"களி எங்கம்மா கிண்டறது?" என்று அவரே அடுத்தபடி கேட்டார். இந்தச் சீமையில் ராகிக் களி இல்லாமல் வீடு இல்லை. எங்கள் பெண்ணின் புருஷனுக்கு வாரத்தில் நாலு நாள் அது வேண்டும். களி கிண்டுவது சாம்பார் கிளறுவது போல் அல்ல. பானை அசையாமல் கவைக்கோலால் அழுத்திக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் மேலிருந்து இறக்க வேண்டும். உயர்ந்த மேடையில் அது நடக்கவே நடக்காது. பாட்டிமார்கள் தரையில் அடுப்பு வைத்தது அறியாமையினால் மட்டும் அல்ல என்று அப்போது விளங்கிற்று. அவர்கள் சமைத்த பண்டம் அந்த உயரத்தைக் கேட்டது.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க, பழையதும் புதியதும் ஒத்துப் போகிற இடமும் முட்டிக்கொள்கிற இடமும் தெரிய ஆரம்பித்தன. இண்டக்‌ஷன் அடுப்பு காந்தம் ஒட்டுகிற பாத்திரத்தைத்தான் சுடவைக்கும். பாட்டியின் இரும்பு தோசைக்கல் அதில் ஜோராக வேலை செய்யும். அதே பாட்டியின் வெண்கலப் பானை, சேலத்துக் கல்சட்டி எல்லாம் அதன்மேல் ஜடமாக உட்கார்ந்திருக்கும். ஈயச் சொம்போ இன்னும் சுகவாசி. ஈயம் 232 டிகிரியில் உருகிவிடும். காஸ் அடுப்பிலேயே ரசம் உள்ளே இல்லாமல் வெறும் சொம்பை வைத்தால் ஈயக் குழம்புதான் கிடைக்கும். பழைய பாத்திரங்களின் ருசி வேண்டுமானால் தீ வேண்டும். தீ வேண்டுமானால் புகைபோக்கியும், எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னலும் வேண்டும்.

மேடைக்குக் கல் தேர்ந்தெடுப்பது அடுத்த படலம். நிபுணர் வெள்ளைச் சலவைக்கல் போட்டிருந்தார். சலவைக்கல் என்பது சுண்ணாம்பு வம்சம். புளியும் எலுமிச்சம்பழமும் பட்டால் அரித்துவிடும். நம் சமையலில் அவை இரண்டும் படாத வேளை எது? அது வேண்டாம் என்றதும், இயந்திரத்தில் செய்த குவார்ட்ஸ் பலகையைக் காட்டினார். கறையே பிடிக்காது என்றார். வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பலகைகளில் பல, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சிலிகா. அதை அறுக்கும்போது பறக்கும் பொடி தொழிலாளியின் நுரையீரலில் போய்ப் படிந்துவிடுகிறது. சிலிகோசிஸ் என்ற அந்த வியாதிக்குக் குணமே கிடையாது. இளவயதுத் தொழிலாளிகள் பலர் அதில் விழுந்ததைப் பார்த்த ஆஸ்திரேலியா, 2024-ம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. உலகத்திலேயே முதன்முதலாகத் தடை செய்த தேசம் அதுதான்.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடமோ கிருஷ்ணகிரி ஜில்லா. கடல் தாண்டிப் போகிற கருங்கல்லும் வர்ணக் கல்லும் வெட்டி எடுக்கிற பூமி. காலடியில் கல்லை வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடுவானேன்? நெடுஞ்சாலை ஓரத்துக் கல் பட்டறை ஒன்றுக்குப் போனோம். பலகை பலகையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஊதாவும் பழுப்பும் அலையலையாக ஓடிய ஒரு கல்லைப் பெண் தொட்டுப் பார்த்தாள். பெரிய வாள் ஓடுகிற இடத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே பொடி இல்லை. பின்பக்கம் ஒரு பையன், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கையில் இயந்திரத்தைப் பிடித்துப் பலகையின் விளிம்பைத் தண்ணீர் இல்லாமல் உருட்டிக்கொண்டிருந்தான். அவன் தலைமயிர், புருவம், இமை எல்லாம் வெள்ளை. இருபது வயதுக்குள்தான் இருக்கும். இடையே இயந்திரத்தை நிறுத்திவிட்டு இருமினான். எனக்கு எங்கேயோ கேட்ட இருமல்.

கருங்கல்லிலும் சிலிகா உண்டு. குவார்ட்ஸ் பலகையைவிடக் குறைவு, அவ்வளவே. ஆகையால் கல்லை மாற்றிவிட்டதாலேயே புண்ணியம் சேர்ந்துவிடாது. "எங்கள் கல்லுக்கு விளிம்பும் தண்ணீர் விட்டே தேய்க்க முடியுமா?" என்று பெண் கேட்டாள். பட்டறைக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நேரம் ஆகும்மா. கூலி கொஞ்சம் சேரும்" என்றார். "சேரட்டும்" என்றாள். ஒரு வீட்டு மேடைக்குத் தண்ணீர் விட்டதனால் அந்தப் பையனின் மற்ற நாட்கள் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நானும் வழியெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். பதில் என்னிடம் இல்லை. ஆனாலும் விலை கேட்கிற ஒவ்வொருவரும் இதையும் ஒரு வார்த்தை கேட்டால், பட்டறையில் இன்னொரு தண்ணீர்க் குழாய் வருவதற்கு வெகுகாலம் ஆகாது என்று நினைக்கிறேன்.

திட்டம் மாறிற்று. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் வரவிருந்த சுவரை விட்டுவிட்டார்கள். இரண்டு சேர்ந்து ஒரே அறையாயிற்று. கிழக்கிலும் தெற்கிலும் பெரிய ஜன்னல். தேக்குத் தூண் இரண்டையும் வேண்டாம் என்று சொன்னதில் மிஞ்சிய பணம், ஜன்னலுக்கும் நல்ல புகைபோக்கிக்கும் போதுமானதாக இருந்தது. முக்கிய மேடை முப்பத்திரண்டு அங்குலம் என்று தீர்ந்தது. முப்பதே போதும் என்று அந்த அம்மாளும், முப்பத்துநாலாவது வேண்டும் என்று பெண்ணும் வாதாடிக் கண்ட சமாதானம் அது. ஜன்னல் ஓரமாக, களிக்கென்று இருபத்திரண்டு அங்குலத்தில் ஒரு தாழ்ந்த மேடை. அதில் பெரிய பர்னர் ஒன்று. ஆத்தங்குடிக் கல் தங்கிவிட்டது. கண்ணாடித் தகட்டின்மேல் வர்ணத்தையும் சிமெண்டையும் கையால் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது. எந்தச் சூளையும் எரிவதில்லை. நடக்க நடக்க மெருகு ஏறும். பித்தளைப் பாத்திரத்தில் தினப்படி உபயோகத்துக்கு வருகிற நாலு மட்டும் தங்கின.

அம்மிக்கல்லைப் பற்றிக் கொஞ்சம் விவாதம் நடந்தது. கோயமுத்தூரில் 1955-ம் வருஷமே அரைக்கும் கல்லுக்கு மோட்டார் பூட்டியாகிவிட்டது. இட்லி மாவுக்காக ஆட்டுக்கல்லின் முன் மணிக்கணக்கில் குந்தியிருந்த தலைமுறை, அதற்காக அந்த ஊருக்கு ஒரு கோயில் கட்டினாலும் தகும். ஆனால் துவையலுக்கு அம்மிதான் என்பதில் பெண்ணும் அந்த அம்மாளும் ஒரே கட்சி. எனவே புத்தர் தலைக்கு விடுதலை கொடுத்து, அம்மியை இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல் மேடையில் பதித்தார்கள். நின்றபடியே அரைக்கலாம், யார் வேண்டுமானாலும் அரைக்கலாம். தரையில் கிடந்தவரைக்கும் அந்தக் கல்லை ஆண்பிள்ளை யாரும் தொட்டதாக எங்கள் குடும்பச் சரித்திரத்தில் இல்லை. உயர்த்தி வைத்த பிறகு மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காய்த் துவையல் அரைக்கிறார். காரம் சற்றுத் தூக்கல்.

சமையலறையில் ஆடம்பரம் என்பது என்ன என்று இப்போது என்னைக் கேட்டால், காற்று என்பேன், வெளிச்சம் என்பேன், முதுகு வலிக்காத உயரம் என்பேன். இவற்றோடு, வேலை செய்கிறவரின் பக்கத்தில் இன்னொருவர் வந்து உட்கார ஓர் இடம் என்பேன். எங்கள் பெண் வீட்டில் அந்த இடத்துக்காகத் தாழ்ந்த மேடையின் எதிரே ஒரு மரப்பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அலங்கார நிபுணரின் படத்தில் இல்லாத சாமான் அது ஒன்றுதான். கிருகப்பிரவேசத்துக்கு வந்த சிநேகிதிகள் எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் ஒவ்வொருவரும் பின்பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "சமைக்கிற ரூம் எங்கே?" என்று கேட்டார்கள். அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இதுதாங்க" என்றார்.